கழுகின் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது

ஒரு காட்டில் ஒரு பெருச்சாளி இருந்தது என்றுதான் இப்படிப்பட்ட கதையைத் தொடங்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் இந்தக் கதை தொடங்கும் நேரத்தில் அந்தப் பெருச்சாளி காட்டில் இல்லை. கடற்கரைப் பட்டினத்தில், மழைநீர் வடிகாலுக்குள், கழுத்தளவு தண்ணீரில், மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு நின்றிருந்தது.

அதன் பெயர் ஏகாம்பரம். தொழில், அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. முன்பெல்லாம் அரசு அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது. எல்லாம் கைபேசிக்குள் போன பிறகு, வடிகாலுக்குள்ளேயே கால்மேல் கால் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தது. பூனைக்குப் பிறப்புச் சான்றிதழ், காக்கைக்கு முகவரி மாற்றம், தெருநாய்க்கு நன்னடத்தைச் சான்று என்று பட்டினத்தில் அதன் கைபடாத விண்ணப்பமே இல்லை.

"இந்த வருஷத்துல இது நாலாவது வாட்டி" என்றது அதன் மனைவி மரகதம். அதுவும் கழுத்தளவு தண்ணீரில்தான் நின்றது. "மொத வாட்டி பாய் மிதந்து போச்சு. அப்புறம் அரிசி. அடுத்த வாட்டி நான்தான். அப்பவாச்சும் கிளம்புவியா?"

"கிளம்பிரலாம் மரகதம். வேலை போன்லதானே? எங்க குந்தினு தட்டுனா இன்னா?"

ஏகாம்பரம் ஏற்கெனவே இடம் பார்த்து வைத்திருந்தது. ஒரு மயில் போட்ட காணொளி அது. மேற்கே, கடல் வாசனையே தெரியாத தூரத்தில், கரட்டுக்காடு என்று ஓர் ஊர். பதினோரு நிமிடம் ஓடிய அந்தக் காணொளியில் மயில் ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றது. பின்னால் ஒரு ஹாரன் இல்லை, ஒரு மைக் செட் இல்லை, பள்ளம் தோண்டும் எந்திரம் இல்லை. ஏகாம்பரம் அதை ஏழு முறை பார்த்துவிட்டு ஏழு முறையும் பெருமூச்சு விட்டது.

மறுநாள் காலையில் மேற்கே போகும் கருவாட்டு லாரி ஒன்றில் இரண்டும் ஏறிக்கொண்டன. கடல் கண்ணில் படும் கடைசித் திருப்பத்தில் மரகதம் தார்ப்பாய்க்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "உப்புக்காத்து பட்டு வளர்ந்த மூக்கு. அங்க போயி இன்னாத்தை மோந்து பார்க்கப் போவுதோ" என்றது.

கரட்டுக்காடு காணொளியில் பார்த்தபடியேதான் இருந்தது. வேலமரங்கள், செம்மண், நடுவில் ஒரு பெரிய மொட்டைப்பாறை. இலை விழுந்தால் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் இரண்டு கையையும் விரித்து, "ஆகா, இன்னா ஒரு அமைதி!" என்று கத்தியது.

பக்கத்துப் புதரிலிருந்து ஒரு கை நீண்டு அதை உள்ளே இழுத்தது. கைக்குச் சொந்தக்காரி ஒரு முயல். பாவாயி என்று பெயர்.

"ஏனுங்க, பட்டணத்திலிருந்து வர்றீங்களாட்டருக்குது" என்று கிசுகிசுத்தது பாவாயி. "இங்க சத்தம் போட்டா கேட்டுப் போடுமுங்க."

"யாருக்கு?"

பாவாயி கண்ணை மட்டும் மேலே உயர்த்தியது. நீலவானத்தில் ஒரு கரும்புள்ளி வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"ராக்கியண்ணன். கழுகு. மொட்டைப்பாறைதான் அவருக்கு வூடு. எங்க மூத்தவளப் போன மாசம் கொண்டு போயிட்டாரு. அவ தும்முனாளுங்க, அவ்வளவுதான்."

ஏகாம்பரம் தானும் கிசுகிசுத்தது. "அப்போ இந்த அமைதி..."

"அமைதின்னு நெனச்சீங்களா? வாய மூடிட்டு இருக்கறமுங்க."

மரகதம் புருஷனை ஒரு பார்வை பார்த்தது. பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

திரும்பிப் போகலாமென்றால், வடிகால் வீட்டில் அதற்குள் ஒரு கீரிக் குடும்பம் குடியேறிவிட்டதாக லாரியில் வரும்போதே செய்தி வந்திருந்தது. ஆகவே இரண்டும் அங்கேயே தங்கின. மண் இறுகிக் கிடந்ததால் வளை தோண்ட ஒன்பது நாள் ஆனது. மரகதத்தின் நகம் இரண்டு உடைந்தது. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று பத்தாம் நாள் தெரிந்தது. வளைக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. புதருக்குள் கிடைக்கவில்லை. ஓடைக்கரையில் ஒரு கோடு வந்து, ஏகாம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஊரில் சிக்னல் முழுதாகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்.

"மொட்டைப்பாறை உச்சிங்க" என்றது பாவாயி, ஏதோ தன்னுடைய தப்பு போல.

பட்டினத்துக் காக்கைகள் முகவரி மாற்றத்துக்காகக் காத்திருந்தன. வேலை போனால் சோறு போகும். ஏகாம்பரம் வானத்தைப் பார்த்தது. புள்ளி தெரியவில்லை. குடுகுடுவென்று பாறைமேல் ஏறி, கைபேசியை உயர்த்திப் பிடித்தது. நாலு கோடும் வந்தன. அதே நேரத்தில் நாலு நகங்களும் வந்து முதுகில் இறங்கின.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டது. வடிகாலே மேல் என்று நினைத்தது. தண்ணீராவது சொல்லிவிட்டு வரும்.

"ஏப்பா, கையில என்ன அது?" என்றது மேலிருந்து ஒரு குரல். "அதுல அனுமதிச் சீட்டு எடுக்க முடியுமா?"

விஷயம் இதுதான். சிங்கராஜா அரசு புதிதாக ஓர் ஆணை போட்டிருந்தது. பிற உயிரைத் தின்று வாழும் எவரும் இரை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கைபேசி வழியாக மட்டும். சீட்டில்லாமல் தின்று மாட்டிக்கொண்டால் குடியிருப்பு பறிமுதல். ராக்கியண்ணனின் பாறையில் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"நான் தொட்டா கண்ணாடி நொறுங்கிப் போவுது. இதுவரைக்கும் ரெண்டு போனு போச்சு" என்றது கழுகு வருத்தத்தோடு. அந்த இரண்டு போனின் சொந்தக்காரர்களும் போய்விட்டதை அது சொல்லவில்லை.

ஏகாம்பரத்துக்குள் பயந்துபோயிருந்த பெருச்சாளி ஒதுங்கி, தொழில்காரப் பெருச்சாளி எழுந்து உட்கார்ந்தது.

"மொதல்ல காலை எடுங்க. ஃபாரம் இறங்கணும்."

கழுகு காலை எடுத்தது. ஏகாம்பரம் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தது. நாற்பத்தியொரு கேள்விகள். பழகிய கைக்கு அரைமணி நேர வேலை. அரைமணி நேரம் கழித்து என்ன நடக்கும் என்று யோசித்தது. யோசித்துக்கொண்டே சொன்னது:

"விண்ணப்பம் நிலுவையில இருக்கும்போது விண்ணப்பதாரர் இந்த எல்லைக்குள்ள யாரையாச்சும் தின்னா, தானா ரத்தாயிடும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்குப் போட முடியாது."

"எங்க போட்டிருக்குது?"

"தோ, அடியில. பொடி எழுத்துல."

ராக்கியண்ணன் குனிந்து பார்த்தது. நாலு மைல் தூரத்து எலியின் வாலைக் கண்டுபிடிக்கும் கண் அது. ஆனால் எழுத்துத் தெரியாது. அதை இந்தப் பட்டினத்துப் பெருச்சாளியிடம் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"ஆமாமா, போட்டிருக்குது. தெரியுது, தெரியுது."

அன்றைக்கு ஏகாம்பரம் பாறையிலிருந்து தன் காலால் நடந்து இறங்கியது. புதரோரம் நின்றிருந்த மரகதம் அதன் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதது. பாவாயி பதறி, "அக்கா, சத்தம், சத்தம்!" என்றது.

"அழட்டும் விடுங்க" என்றது ஏகாம்பரம். "இனிமே தும்மவும் செய்யலாம். கேஸ் நிலுவையில கீது."

அதன் பிறகு நடந்ததையெல்லாம் தொழில் திறமை என்றுதான் சொல்ல வேண்டும். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், அலகை மூடியபடி எடுக்க வேண்டும் என்றது ஏகாம்பரம். வெள்ளை மேகம் வருவதற்காகக் கழுகு பதினாறு நாள் காத்திருந்தது. முட்டையிலிருந்து வெளிவந்த தேதிக்குச் சான்று கேட்டது. ராக்கியண்ணனின் அம்மா இரண்டு மலை தாண்டி இருந்தது, காதும் கேட்காது. பிறகு, இரையினத்தைச் சேர்ந்த இருவர், உயிருடன் இருப்பவர்களாக, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வந்தது. பாவாயி போட ஒத்துக்கொண்டு, கடைசி நிமிடத்தில் கை வலிக்கிறது என்றது. ஒருவழியாக வேறு சாட்சி கிடைத்ததும் ஆட்சேபணைப் பகுதி. யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை தெரிவிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி விசாரணை.

மொட்டைப்பாறையின் அடியில் வரிசை உருவானது. காடைகள், ஓணான்கள், உடும்பு, முயல் கூட்டம் எல்லாம் விடிந்ததும் வந்து டோக்கன் வாங்கின. "நான் முன்னாடியே வந்து கல்லு வச்சிட்டுப் போனேன்" என்று சண்டை நடந்தது. வரிசை இருந்த இடத்தில் கடைகள் வந்தன. வாயை மூடி வளர்ந்த குட்டிகள் கத்திக் கத்தி விளையாடின. காட்டில் இரண்டு வருடத்தில் முயல் தொகை மூன்று மடங்கானது. மாலை நேரத்தில் இரைச்சல் தாங்க முடியவில்லை.

"அமைதியா இருக்கலாம்னுதானே வந்தோம்?" என்றது மரகதம். ஆனால் அதன் முகத்தில் குறை இல்லை. அந்த இரைச்சல் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து அது நன்றாகத் தூங்கியது.

ராக்கியண்ணன்தான் இளைத்துப்போனது. எல்லைக்கு வெளியே அணைக்கட்டில் ஒதுங்கும் செத்த மீனைத் தின்று, தினமும் பதினோரு மணிக்கு வந்து ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"ஏதாச்சும் வந்துதா?"

"சர்வர் இல்லீங்க."

"அது எப்பப்பா வரும்?"

"வந்தா சொல்லமாட்டனா?"

சில நாள் கழுகின் தொங்கிய தோளைப் பார்க்கும்போது ஏகாம்பரத்துக்குப் பாவமாகக்கூட இருந்தது. அப்போதெல்லாம் தன் முதுகில் இருந்த நாலு தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் பட்டினத்திலிருந்து திவாகர் வந்து சேர்ந்தது. அணில். கண்ணாடி மாளிகையில், குளிர்ந்த அறையில், பெரிய வேலையில் இருந்ததாம். அமைதி தேடி வந்திருந்தது. வந்த மறுநாளே வரிசையைப் பார்த்துவிட்டு நேராகப் பாறைமேல் ஏறியது.

"சார், எவ்வளவு நாளா இது பெண்டிங்?"

"ரெண்டு வருஷம்" என்றது ராக்கியண்ணன், முந்திக்கொண்டு.

"ரெண்டு வருஷமா? இது நாலு நிமிஷ வேலை சார்!"

ஏகாம்பரம் அணிலின் தோளில் கைபோட்டுப் பாறைக்குப் பின்னால் அழைத்துப் போனது. "தம்பி, நல்லா கேளு. அந்த விண்ணப்பம் முடியக் கூடாது. முடிஞ்சா அன்னிக்கே அது பசியோட எழுந்திரிக்கும். கீழ நிக்கிறாங்களே, அத்தனை பேரும் உயிரோட இருக்கிறதே அது முடியாததால."

திவாகர் சிரித்தது. "சார், உங்க தலைமுறையே இப்படித்தான். பயம். நாம வேலையை முடிச்சுக் கொடுத்தா அவருக்கு நம்ம மேல ஒரு மதிப்பு வரும். நம்ம ஆளுங்களைத் தொட மாட்டார். தவிர, பெண்டிங்னு ஒண்ணைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்காது."

"இறங்கலைன்னா பட்டினி கிட. தட்டாதே."

தலையை ஆட்டியது அணில். சரி என்கிறது என்று ஏகாம்பரம் எடுத்துக்கொண்டது. மறுநாள் மதியம் அது சாப்பிட வளைக்குப் போயிருந்த நேரத்தில், திவாகர் தன் கைபேசியை எடுத்தது. ஆட்சேபணைகளை ஒரே தட்டில் ஒதுக்கியது. பழைய விவரங்களைப் பார்த்துச் சரசரவென்று புதிதாக அடித்தது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. கைபேசி 'டிங்' என்றது.

வரிசையில் இருந்த சத்தம் அப்படியே நின்றது.

"அனுமதி வழங்கப்பட்டது!" என்று திவாகர் எழுந்து நின்று அறிவித்தது. "வாழ்த்துகள் சார்."

ராக்கியண்ணனின் கண் கலங்கியது. "இத்தனை நாளா யாருமே எனக்குன்னு இப்படி வேலை செஞ்சதில்ல தம்பி. இனிமே உன்னால ஆக வேண்டியது ஏதாச்சும் பாக்கி இருக்குதா?"

"ஒண்ணுமே இல்ல சார். எல்லாம் க்ளியர்."

"ரொம்ப நன்றி தம்பி" என்றது கழுகு மனப்பூர்வமாக. அணிலைத் தின்றது.

ஏகாம்பரம் வாயில் சோற்றோடு ஓடி வந்தபோது, பாறைமேல் ஒரு வால்நுனி மட்டும் காற்றில் புரண்டுகொண்டிருந்தது. கூட்டம் சிதறி ஓடியிருந்தது. பாவாயிக்கு மட்டும் கால் எழவில்லை. கழுகின் ஒரு கால் அதன் மேல் இருந்தது.

"வா ஏகாம்பரம்" என்றது கழுகு. "உன்னைத் தொட மாட்டேன். அடுத்த வருஷம் புதுப்பிக்கிறதுக்கு ஆள் வேணுமில்ல? அந்தத் தம்பிக்குத்தான் வேலை முடிஞ்சு போச்சு."

அந்த நொடியில் ஏகாம்பரத்துக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்ததற்காக உடனே கூசியது. பாவாயி ஏகாம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கத்தவில்லை. பழைய பழக்கம்.

"சீட்டைக் காட்டுங்க" என்றது ஏகாம்பரம்.

கீழே கிடந்த கைபேசியை எடுத்துப் படித்தது. பன்னிரண்டு வருடத் தொழிலில் பிழையே இல்லாத ஓர் அரசுச் சீட்டை அது பார்த்ததில்லை. இன்றைக்கு முதல் முறையாகப் பார்த்துவிடுமோ என்று பயந்தபடி வரிவரியாகத் தேடியது. முகவரி சரி. தேதி சரி. படம் சரி. பெயரில் வந்து கண் நின்றது.

"உங்க பேரு?"

"இதென்ன கேள்வி? ராக்கியண்ணன்."

"இதுல ராக்கியண்ணின்னு கீது."

"என்னது?"

"அவசரத்துல தட்டியிருக்கான். பாலினம், பெண். இந்தச் சீட்டு யாரோ ஒரு அண்ணிக்குச் சொந்தம். நீங்க இப்ப தின்னது சீட்டு இல்லாம தின்னது."

கழுகு அலகைத் திறந்து மூடியது. பாறையில் ஒட்டியிருந்த எச்சரிக்கை நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தது. அதன் கால் பாவாயியின் மேலிருந்து தானாக எழுந்தது.

"இப்ப என்னப்பா பண்றது?"

"மன்னிப்பு விண்ணப்பம் ஒண்ணு. அது வந்தப்புறம் பேர் திருத்த விண்ணப்பம். அதுல எழுபத்திரண்டு கேள்வி." ஏகாம்பரம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கைபேசியின் கண்ணாடியை வயிற்று முடியில் துடைத்தது. "மொத கேள்வி. நீங்க ஆண்தான்னு சொல்ல, இரையினத்தைச் சேர்ந்த அஞ்சு சாட்சி வேணும்."

மதியத்துக்குப் பிறகு வரிசை மறுபடியும் கூடியது. மரகதம் அந்த வால்நுனியை எடுத்துப் போய் வேலமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தது.

"நல்ல புள்ள இல்ல?" என்று கேட்டது.

"ரொம்ப நல்ல புள்ள" என்றது ஏகாம்பரம். "அதான்." பிறகு கீழே குனிந்து, "அடுத்த டோக்கன்!" என்று குரல் கொடுத்தது.

நீதி: வேலையை முடித்துக் கொடுப்பவனை நன்றியோடு விழுங்குவார்கள். முடிக்காமல் வைத்திருப்பவனைத் தினமும் வந்து நலம் விசாரிப்பார்கள்.