இயற்கைக் கோலத்தில் ஒரு மலைவாசி

மலைவாசிகளைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் வட்டாரத்து டிப்டி இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன் அவர்கள். அவருக்கும் தெரியாதுதான். ஆனால் அவர் அதிகாரி. அதிகாரிக்குத் தெரியாமல் இருப்பதற்குப் பெயர் மேற்பார்வை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருந்தால் அதற்கு எக்ஸ்கர்ஷன் போகவேண்டும்.

அந்த வருஷம் எக்ஸ்கர்ஷன் என்ற சொல்தான் எங்கள் பக்கத்தில் புது மோஸ்தர். கிராமாந்தர ஞானாபிவிருத்தி இலாகாவிலிருந்து ஒரு கட்டளை வந்தது. "பூர்வகுடிகளின் புராதனப் பழக்கவழக்கங்களை மாணாக்கர்கள் நேரில் கண்டு தெளிவதோடு, அவர்களுக்கு நாகரிகத்தின் மேன்மையையும் பக்குவமாக உணர்த்தி வரவேண்டியது" என்று எழுதியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாய்த்தது கொல்லிமலை; ஐப்பசிக்குள் முடிக்கவேண்டுமாம். ஐப்பசியில் கொல்லிமலையில் மழை கொட்டுமே என்றேன். "இலாகாவுக்கு அப்படி ஒன்றும் தகவல் வரவில்லையே" என்றார் சுவாமிநாதன் அவர்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் சரவணமுத்து. மல்லசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு ஊரில் ஹெட்மாஸ்டராக ஆக்ட் செய்துகொண்டிருந்தேன். பழைய ஹெட்மாஸ்டர் காலமாகி ஆறு வருஷம் ஆகியும் இலாகாவுக்கு அவர் திரும்பி வந்துவிடுவார் என்ற நம்பிக்கை போகவில்லை. கூத்தாடிக்குக்கூட விடிந்தால் வேஷம் கலைந்துவிடும். எனக்குக் கலையவில்லை. ஊரில் "ஆக்டிங் வாத்தியார்" என்றால்தான் என்னைத் தெரியும். என் மனைவி கந்தம்மாள் மாதம் ஒரு தடவையாவது, "ஏனுங்க, எங்கப்பாரு கேட்டுட்டு வரச் சொன்னாரு. மாப்பிளைக்கு எப்ப உத்தியோகம் கிடைக்கும்னு" என்பாள்.

இது டிப்டி இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ்டர் சரவணமுத்து, உம்முடைய கன்பர்மேஷன் என் மேஜைமேல்தான் கிடக்கிறது."

"தங்கள் தயவு சார்."

"மேலிடத்துக்கு ஒரு போட்டோ அனுப்பியாகவேண்டும். இயற்கைக் கோலத்தில் ஒரு மலைவாசி. அந்தப் போட்டோ வந்தால் இந்தக் காகிதம் நகரும். வராவிட்டால் இன்னும் ஆறு வருஷம் ஆக்ட் பண்ணும்."

அப்புறம் எனக்கு மலை ஏது, மழை ஏது?

புறப்படுவதற்கு முன்பே மலைவாசிகளைப் பற்றி முழுப் பாடமும் நடத்தி முடித்துவிட்டேன். பார்த்த பிறகு பாடம் நடத்தினால் குழப்பம் வரும் என்பது எங்கள் போதனா முறை. பாடக்குறிப்பை டிப்டி இன்ஸ்பெக்டரே தயாரித்திருந்தார். ஏதோ ஒரு தீவுக்குப் போய்வந்த வெள்ளைக்காரர் எழுதிய புத்தகத்தில் தீவு என்ற இடத்தை அடித்துவிட்டு மலை என்று போட்டிருந்தார். மலைவாசி இலைதழை உடுத்துவான். பச்சை மாமிசம் தின்பான். பத்துக்குமேல் எண்ணத் தெரியாது. அந்நியரைக் கண்டால் கண்ணை உருட்டி உறுமுவான்.

ராசப்பன் என்ற பையன் எழுந்தான். "வாத்தியாரையா, சந்தைக்கு மலையிலிருந்து புளி கொண்டாராங்களே, அவங்கெல்லாம் வேட்டி கட்டிக்கிட்டுத்தானே வாராங்க?"

"அது சந்தை. இது பாடம்."

"பத்துக்குமேல எண்ணத் தெரியாதுன்னு போட்டிருக்குதுங்க. எங்கப்பாரு ஒருக்கா கணக்குல ஏமாத்தப் பாத்தாருங்க. முடியலைங்களே."

"உங்கப்பாவைப் பற்றிப் பாடத்தில் இல்லை. உக்காரு."

ஆசிரியர் நாகரிக உடையில் போகவேண்டும், மலைவாசிகள் அதைப் பார்த்துத் திருந்தவேண்டும் என்பது உத்தரவு. என் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டினேன். கழுத்துக்கு டை, காலுக்கு இரவல் பூட்ஸ், தலைக்கு ஒரு சோலாத் தொப்பி. கந்தம்மாள் வாசல்வரை வந்து பார்த்தாள். "இந்தக் கோலத்துல போனா கரடி ஒண்ணும் பண்ணாதுங்க. சிரிச்சுப் போட்டு அது பாட்டுக்குப் போயிரும்" என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன்.

போட்டோ பிடிக்கச் சேலம் அம்மாபேட்டையிலிருந்து மயில்சாமியை வரவழைத்திருந்தோம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறியில் உட்காரப் பொறுமையில்லாமல் காமிராவுக்குப் போனவர். டிப்டி இன்ஸ்பெக்டரும் எங்களோடு சேந்தமங்கலம்வரை பஸ்ஸில் வந்தார். அங்கே அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவில் இறங்கி, மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "நான் இங்கிருந்தபடியே மேற்பார்வை செய்கிறேன்" என்று உள்ளே போய்விட்டார். காபி வாசனை வந்தது.

மலையேறினோம். மழையும் எங்களோடு ஏறியது. பிள்ளைகள் ஆட்டுக்குட்டிபோல் தாவித் தாவிப் போனார்கள். நாகரிகம் என்னைத்தான் கீழே இழுத்தது. பூட்ஸ் கடித்தது. பூட்ஸ் கடிக்காத இடத்தில் அட்டை கடித்தது. ஒரு ஓடையைத் தாண்டும்போது சறுக்கி உட்கார்ந்தேன். தொப்பி தண்ணீரோடு போய்விட்டது. அது சமவெளிக்கு என்னைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஊர் எல்லையில் ஊர்க்கவுண்டர் சின்னண்ணன் காத்திருந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று வேட்டி, அதில் சரிகைக் கரை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார், பாவி மனுஷன்! என் கன்பர்மேஷனில் மண்ணைப் போட இதைவிட ஒரு வேட்டி வேண்டாம்.

"வாங்க சாமி, வாங்க. பூட்சை மட்டும் இங்கயே கழட்டி உட்டுருங்க. ஊருக்குள்ள கோயிலு இருக்குது."

கழற்றினேன். பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. உள்ளே போனதும் அவர் சம்சாரம் ஆராயி, "அட சாமி, பல்லுத் தந்தியடிக்குதே" என்று பதறி, கோட்டையும் டையையும் மற்ற ஈரத்துணிகளையும் வாங்கி அடுப்புக்கு மேலே காயப்போட்டு எனக்கு ஒரு கம்பளியைக் கொடுத்தாள். எல்லாருக்கும் சுடச்சுடச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார்கள். பிள்ளைகள் வளைத்துக் கட்டினார்கள். ராசப்பன் மட்டும், "பச்சை மாமிசம் எப்பங்க வரும்?" என்று கேட்டுத் தலையில் குட்டு வாங்கினான்.

சாப்பாடு ஆனதும் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "கவுண்டரே, நீங்கள் இந்த மலையின் பூர்வகுடிகள் அல்லவா?"

"இல்லீங்க. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காஞ்சிபுரத்துலிருந்து வந்தவங்கன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு எந்த ஊருங்க பூர்வீகம்?"

எனக்குத் தெரியவில்லை. மயில்சாமியைப் பார்த்தேன். அவர், "எங்களுக்குக் கன்னடச் சீமையில அம்பின்னு ஒரு ஊரு சொல்லுவாங்க, எங்க இருக்குதுன்னு தெரியலைங்க" என்றார். ஆக அந்த வீட்டில் பூர்வகுடி என்று யாருமே தேறவில்லை. அந்த விசாரணையை அத்தோடு நிறுத்தினேன்.

மயில்சாமி கவுண்டரின் வேட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கூரு வேட்டிங்களே! கரையைப் பாத்தா எங்க மாமன் தறி மாதிரியே இருக்குதுங்க!"

"ஆமாங்க, சேலத்துலதான் எடுத்தேன். பத்து வருசமாச்சு, சாயம் போகலை பாருங்க."

இரண்டு பேரும் வேட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இடையே புகுந்து, "கவுண்டரே, போட்டோவுக்கு இந்த வேட்டி சரிப்படாது. இலை கட்டிக்கொள்ளவேண்டும்" என்றேன்.

"எலைங்களா? எலை எங்க கட்டறதுங்க?"

"இடுப்பில்."

சின்னண்ணன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலா என்று நினைத்தாரோ என்னவோ. "எலையிலே சோறு திம்போமுங்க. கட்டிக்கிட்டா மானம் போயிருமுங்களே. அது எப்படிக் கட்டறதுன்னே எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாவிட்டால் என்ன? நான் கற்றுக்கொடுக்கிறேன்."

இந்த இடத்தில் என்னை யாராவது ஒரு அறை அறைந்திருக்கலாம். யாரும் அறையவில்லை. டிரெயினிங் ஸ்கூலில், எதையும் செய்து காட்டித்தான் கற்பிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் ஆராயியிடம் வாழையிலை கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு போய் வெட்டிவந்தாள். கம்பளியை அவிழ்த்து வைத்துவிட்டு, கோவணத்துக்குமேல் இலையைச் சுற்றி நாரால் கட்டினேன். தலையில் ஒரு கோழி இறகைச் செருகினேன். மூலையில் கிடந்த கடப்பாரையை ஈட்டிபோல் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க சாமி. எங்க மாடு வாழையிலையைக் கண்டா உடாதுங்க" என்றாள் ஆராயி.

ஊரே திரண்டுவிட்டது. கைக்குழந்தைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். "கவுண்டரே, நன்றாகக் கவனியுங்கள். கண்ணை இப்படி உருட்டவேண்டும். இப்படி உறுமவேண்டும்" என்று சொல்லி உறுமினேன். வாய்விட்டு, வஞ்சனையில்லாமல் உறுமினேன். ஆறு வருஷத்து ஆத்திரம் அதில் இருந்தது. அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் அடித்ததா, வெளிச்சத்தை விட மனசில்லாமல் மயில்சாமி என் பக்கம் காமிராவின் மூடியைத் திறந்து மூடிவிட்டார்.

சின்னண்ணன் பெருமூச்சு விட்டார். "பாத்தனுங்க. உங்களுக்கு நல்லாத்தானுங்க இருக்குது. எனக்கு வராதுங்க." வேட்டியை நீவிவிட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவரை அப்படியே பிடித்தோம், அவர் குடும்பத்தைப் பிடித்தோம், கோயிலைப் பிடித்தோம். மறுபடி மழை வந்து அத்தனையும் பாழ். கழுவிப் பார்த்தபோது தேறியது ஒரே ஒரு படம்.

அந்தப் படத்தோடு டிப்டி இன்ஸ்பெக்டர் முன் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் அவர் படத்தை வாங்கிப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பேஷ்! இதுதான்! நெற்றியைப் பாரும், தாடையைப் பாரும். நாகரிகத்தின் நிழலே விழாத முகம்! எங்கேயய்யா பிடித்தீர் இவனை?"

"பிடிக்கவில்லை சார். கூடவேதான் இருந்தான்."

"முரடனோ?"

"சாது சார். பயந்த சுபாவம்."

"ஏதாவது தெரிகிறதா அவனுக்கு?"

"கொஞ்சம் எழுத்து வாசனை உண்டு சார்."

"சும்மா சொல்லாதேயும். எழுத்து வாசனை இருந்தால் முகத்தில் தெரியாதா?"

ஆறு வருஷம் அவர் எதிரில் கைகட்டி நின்றிருக்கிறேன். ஒரு தடவையாவது தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கு மாட்டிக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் கன்பர்மேஷன் வந்துவிட்டது.

படம் மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் மகிழ்ந்து, நாலாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே அதை அச்சடித்தது. கீழே, "இயற்கைக் கோலத்தில் ஒரு மலைவாசி" என்று போட்டிருந்தது. கந்தம்மாள் புத்தகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நீங்கதானுங்களே?"

"சத்தம் போடாதே. உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது."

"எங்கப்பாருகிட்ட இப்ப எதைச் சொல்றதுங்க? உத்தியோகத்தையா, எலையையா?"

என் மாணாக்கர்களைப் பற்றி நான் பெருமைப்படவேண்டும். புத்தகத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். பிறகு, மலைவாசி, இலை உடுத்துவான், உறுமுவான் என்று பிழையில்லாமல் ஒப்பிப்பார்கள். ராசப்பன்தான் முதல் மார்க். உலகத்தில் பிழைத்துக்கொள்வான்.

அந்தப் படம் இன்னொரு காரியமும் செய்தது. இவ்வளவு பின்தங்கிய ஜனங்களுக்குக் கல்வி அவசியம் என்று இலாகா மனமிரங்கி, சின்னண்ணன் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. அங்கேயும் அதே புத்தகம். வருஷ முடிவில் வட்டாரம் முழுவதற்கும் ஒரே பரீட்சை. நிரந்தர ஹெட்மாஸ்டர் என்ற முறையில் விடைத்தாள் திருத்தும் கௌரவம் எனக்குக் கிடைத்தது. முதல் கேள்வி, படத்தில் இருப்பவர் யார்? மலைப் பிள்ளைகள் எல்லாருமே ஒன்றுபோல எழுதியிருந்தார்கள். "மல்லசமுத்திரத்துப் பக்கத்து வாத்தியார்."

சிவப்பு மசியைத் தொட்டு எல்லாவற்றுக்கும் முட்டை போட்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இலாகா கொடுத்த விடை அதுவல்லவே. படத்தைப் பற்றி மேற்கொண்டு கேட்ட கேள்விகளுக்கும் அதே கதிதான். எல்லாரும் பெயில்.

வைகாசியில் ஒரு நாள் சின்னண்ணன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அதே சரிகைக் கரை வேட்டி. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"பசங்க அத்தனை பேரும் பெயிலுன்னு சொல்லிப் போட்டாங்க சாமி. வர்ற வருசமும் பெயிலானா பள்ளிக்கூடத்தை மூடிப் போடுவாங்களாம். பசங்க ஆசையாப் படிக்கறாங்க. எங்க தப்புப் பண்ணாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னேன். "முதல் கேள்விதான், கவுண்டரே. வாத்தியார் என்று எழுதிவிட்டார்கள். மலைவாசி என்று எழுதவேண்டும்."

"அப்படீங்களா." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "சரிங்க, எழுதச் சொல்லீர்றேன். எலை, உறுமறது எல்லாமே எழுதச் சொல்றேன். பள்ளிக்கூடம் நிலைக்கோணுமில்லைங்க." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "ஒண்ணே ஒண்ணு சாமி. இது மலைவாசின்னு எழுதுனா, அப்புறம் நாங்க யாருன்னு பசங்க கேப்பானுங்க. அதுக்கு என்ன எழுதறதுங்க?"

நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். டிப்டி இன்ஸ்பெக்டரின் பாடக்குறிப்பையும் பார்த்தேன். முறைப்படி எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பதில் சொன்னேன்.

"அந்தக் கேள்வி பரீட்சைக்கு வராதுங்க, கவுண்டரே."