கைராசிக்காரர் வளர்த்த ஐவி

"நான் கண்டக்டரா இருந்தப்ப பஸ் கம்பியைப் புடிச்சா, கம்பி துளிர் உடுமுங்க! அடிவாரத்துல மொட்டு வெச்சா ஏற்காடு ஸ்டாண்டு வர்றதுக்குள்ள பூத்துரும். ஒரு தடவை காயே புடிச்சுது. டிரைவருக்குக் கொஞ்சம் குடுத்துட்டு மீதியை ஊட்டுக்குக் கொண்டுபோனேன்."

ஜீப்பின் முன் இருக்கையில் இருந்து சந்திரசேகர் இப்படி அளந்தபோது, டிரைவர் மணி ரோட்டை விட்டுவிட்டு அவருடைய கையைத் திரும்பிப் பார்த்தார். கொண்டை ஊசி வளைவில் அப்படிப் பார்ப்பது யாருடைய உயிருக்கும் நல்லதல்ல.

"இந்தக் கையிங்களா?" என்றார் மணி. "மொதலாளி சொன்னாருங்க. எனக்கென்னமோ நம்பிக்கை வரலீங்க."

"பாக்கத்தானே போற கண்ணு!"

பின்னால் பாத்திர மூட்டைகளுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்த சசிகலா குரல் கொடுத்தார். "ஏனுங்க, போன வருசம் நீங்க வெச்ச கத்தாழை கூடச் செத்துப்போச்சுங்களே!"

"அது வயசாகிச் செத்துச்சு."

ரிட்டயர்டு கண்டக்டர் தம்பதிக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தது. மணியின் முதலாளி, சேலத்துக்காரர் விஜயகுமார், ஏற்காட்டில் இருக்கும் தன் பங்களாவை வாடகையே இல்லாமல் கொடுத்திருந்தார். வேலை ஒன்றே ஒன்று. முன்பக்கச் சுற்றுச்சுவரை மூடிக் கிடக்கும் ஐவிக்கொடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிபந்தனை போட்டது அவருடைய மனைவி சுஜாதா.

"எங்கப்பா வெச்ச கொடிங்க. யாரும் கத்தி வெக்கப்படாது. இது பச்சையா இருக்கற வரைக்கும் ஊடு உங்களுது. பட்டுப்போச்சுன்னா அன்னைக்கே காலி பண்ணிரோணும்."

அடிவாரத்து வாடகை வீட்டில் அதற்குள் வேறு குடித்தனம் பால் காய்ச்சிவிட்டது. இனி இந்தக் கொடிதான் கூரை.

வந்த வாரமே ஒரு இலை மஞ்சளாயிற்று.

ஒரே ஒரு இலை. ஆனால் அதைப் பார்த்த சந்திரசேகருக்கு நெஞ்சு அடித்த அடியில் பங்களாவுக்குப் பின்னால் இருந்த பலா மரத்துக் கிளிகள் பறந்துபோயின.

"தண்ணி பத்தல சசி!"

"நேத்துத்தான மழை பேஞ்சுது?"

"அது மேகத்துத் தண்ணி. இது பாசத்துத் தண்ணி."

காலையிலும் ஊற்றினார், மாலையிலும் ஊற்றினார். இடையில் சும்மா இருக்க பயமாக இருந்ததால் அப்போதும் ஊற்றினார். வாசலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து, படகுச் சவாரி எங்கே டிக்கெட் என்று டூரிஸ்ட்டுகள் கேட்டார்கள். கொடியோ பாதி மஞ்சளாகிவிட்டது.

"சத்து பத்தல" என்று கோழி எருவைக் கொண்டுவந்து கொட்டினார். அந்த வாடைக்கு வெள்ளக்கடை ஊர் வரைக்கும் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். மிச்சப் பாதியின் ஓரங்களும் கருகத் தொடங்கின.

அன்றைக்குப் பார்த்து போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம வர்றோமுங்க" என்றார் சுஜாதா. "கொடி எப்புடி இருக்குது?"

"நொம்ப... நெறமா இருக்குதுங்க!"

போனை வைத்தார். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கி நடப்பது போலக் கண்ணுக்குள் படம் ஓடியது. எதிரே வருகிற பஸ்ஸில் எல்லாம் தெரிந்த கண்டக்டர்கள்!

தலைச்சோலை கிராமத்திலிருந்து செல்லப்பனைக் கூட்டிவந்தார். பிறந்ததிலிருந்து காப்பித் தோட்டத்தில் கிடப்பவர்.

செல்லப்பன் கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "காப்பிச்செடி கெழடு தட்டுனா என்னங்க பண்ணுவோம்? கவாத்துதான். மேல இருக்கற சொமையைக் கழிச்சுட்டா, தூர்லருந்து பிச்சுக்கிட்டு வரும்."

"அம்மா கத்தி வெக்கக்கூடாதுன்னுட்டாங்களே!"

"கத்தி யாருங்க வெச்சா? இது ரம்பமுங்க."

முழங்கால் உயரத்தில் ஒரே அறுப்பு. தொடை கனத்துக்கு இருந்த அடித்தண்டு துண்டாயிற்று. காப்பிக்கு அது மறுபிறவி. ஐவிக்கோ, மேலே சுவர் நிறைய இருந்த இலை கீழே இருக்கும் வேரோடு உறவு அறுந்து தொங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் சுவர் முழுக்க அப்பளம் பொரித்து ஒட்டியது போல ஆகிவிட்டது. காற்றடித்தால் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் துளிர் வரலீங்களே செல்லப்பா?"

"அடுத்த மழைக்கு வருமுங்க."

"அடுத்த மழைக்கு நாங்க எங்க நனைஞ்சுக்கிட்டு இருப்போமோ!"

ரோட்டில் ஹாரன் கேட்டால் சந்திரசேகர் கட்டிலுக்கு அடியில் போனார். சசிகலா விளக்குமாற்றால் தட்டி வெளியே கொண்டுவந்தார். "பால் வண்டிங்க, வாங்க."

கட்டிலுக்கு அடியில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. செல்லப்பன் தோட்டத்துச் சவுக்கு மரங்களில் மிளகுக்கொடி செழிப்பாக ஏறியிருந்தது. அதை அறுத்து வந்து சுவரில் கட்டிவிட்டால்?

"மெளகு எலையும் ஐவி எலையும் ஒண்ணாங்க?" என்றார் சசிகலா.

"பனிமூட்டத்துல மெளகென்ன, ஐவி என்ன? நானே யாருன்னு உனக்குத் தெரியறதில்ல!"

ஞாயிறு காலை, சாமி கண் திறந்தது போல மூட்டம் இறங்கியது. செல்லப்பனும் அவரும் கத்தை கத்தையாக மிளகுக்கொடியைக் கொண்டுவந்து, காய்ந்த ஐவியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். சுவர் பச்சையாயிற்று. சந்திரசேகருக்குப் பாதி உயிர் திரும்பிவந்தது.

"கொஞ்சம் லூசா இருக்குதுங்க" என்றார் செல்லப்பன். "ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டுரலாம்."

வளைவில் ஹாரன் கேட்டது. இது பால் வண்டி இல்லை.

பயத்தில் மனிதனுக்கு எங்கிருந்துதான் அத்தனை பலம் வருமோ! சந்திரசேகர் இழுத்த இழுப்பில் மிளகு வந்தது, மிளகோடு ஐவி வந்தது, ஐவியோடு காரை வந்தது, கல் வந்தது, கடைசியாகச் சுவரே மரியாதையாகக் குனிந்து அப்படியே படுத்துக்கொண்டது. அறுத்த தூர் கற்களுக்கு அடியில் மறைந்தது ஒன்றுதான் நல்ல காலம். அந்தச் சத்தத்துக்கு மூட்டம்கூடப் பயந்து விலகிவிட்டது.

எதிரே கார். உள்ளே சுஜாதா, விஜயகுமார், மணி. வெளியே தலையில் மிளகுக்கொடியோடு சந்திரசேகர்.

"எங்கப்பா கொடி!" சுஜாதா ஓடிவந்து ஒரு காய்ந்த இலையை எடுத்தார். அது பொடியாகிக் கொட்டியது. "அடியோட பட்டுப்போச்சே! செவுத்தையும் சேத்துச் சாச்சுருச்சே!"

"அம்மிணி..." என்றார் சந்திரசேகர். சசிகலா உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்.

விஜயகுமார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகுநேரம் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைத் தட்டிக்கொடுத்தார்.

"அழுகாத சுஜி. தானா போன உசுருக்கு யாரு என்ன பண்றது? பாவம், இந்த வயசுல இவங்களை எங்க போகச் சொல்றது? இருக்கட்டும். நிரந்தரமா இருக்கட்டும்." அவர் சந்திரசேகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பின்னால ஒரு பலா மரம் ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்குது. அதையும் நீங்களே பாத்துக்கங்க."

சுஜாதாவை அணைத்தபடி அவர் உள்ளே போனார். சந்திரசேகருக்கு எதுவும் விளங்கவில்லை. அதற்குள் மணி, சுவர் இருந்த இடத்தின் வழியாகக் காரை விசாலமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கினார். இரண்டு கையையும் கூப்பினார்.

"கார் நொழையறதுக்கு அந்தச் செவுத்தை எடுக்கோணுமுன்னு மொதலாளி எத்தனை வருசமா தவிச்சாருங்க! அம்மா கொடி மேல கை வெக்க உடல. திருட்டுத்தனமா ஆசிட்டு ஊத்தியும் அது சாகலீங்க. 'தொட்டதெல்லாம் பட்டுப்போற ஒரு கண்டக்டரு அடிவாரத்துல இருக்காரு, தேடிப் புடிச்சுட்டேன்'னு அவரு சொன்னப்ப நான் ஒருத்தன்தானுங்க நம்பல. இப்ப ஒத்துக்கறேனுங்க!"