ஜெரோமுக்கு நாங்கள் வைத்த பிளெக்ஸ்

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாகக் கிரிக்கெட் மட்டையாட்டத்தின் நுணுக்கங்களை அலசிவரும் நான், இன்றுவரை மைதானத்தில் இறங்கி ஒரு பந்தைக்கூடச் சந்தித்ததில்லை. (வீட்டில் ஒருமுறை மட்டையைத் தூக்கினேன். எதிரே எலி. அதையும் தவறவிட்டேன்.)

தூத்துக்குடியில் இதற்கெல்லாம் யாரும் தகுதி கேட்பதில்லை. துறைமுகச் சாலை டீக்கடையில் சாயங்காலமானால் நாங்கள் கூடிவிடுவோம். கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பில் போடும் நான், கப்பலில் சரக்கு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியான மிக்கேல் அண்ணன், இன்னும் நாலைந்து பேர். எங்கள் கிளப் கோப்பை ஜெயித்து வெகுகாலம் ஆகிவிட்டதால், நடந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. ஆகவே வளர்ந்துவரும் பையன்களைப் பற்றியே பேசுவோம். இவனுக்கு மணிக்கட்டு, அவனுக்குக் கால் நகர்வு என்று பிரித்துப் பிரித்துப் புகழ்ந்து, வருஷத்துக்கு ஒருவனை இந்திய அணியில் சேர்த்துவிடுவோம். ஒருவன் சாகுபுரம் ஆலைக்குப் போனான். ஒருவன் துபாய்க்குப் போனான். மணப்பாட்டுப் பையன் ஒருவன் மட்டும் மும்பை வான்கடே பக்கம்வரை போனான், அவன் வேலை பார்த்த கப்பல் அங்கே நின்றதால்.

அப்புறம் ஜெரோம் வந்தான். பத்தொன்பது வயது, இடது கை, முதலில் இறங்கும் ஆட்டக்காரன். அதிகம் பேசமாட்டான். நாங்கள் அவனுக்கும் சேர்த்துப் பேசினோம்.

சென்னையிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் பயிற்சியாளர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவனைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. பிடித்துப்போனால் அழைத்துக்கொண்டு போவார், தங்க இடமும் வேலையும் கிடைக்கும். பிடிக்காவிட்டால் மறுநாளே கன்டெய்னர் யார்டில் சேர வேண்டும், அவன் அப்பா அங்கே சொல்லி வைத்துவிட்டார். ஒரே ஒரு ஆட்டம். பையனை நாங்கள் நிம்மதியாக விட்டிருக்கலாம். பிளெக்ஸ் வைத்தோம்.

வாசகம் என்னுடையது: “முத்து நகரின் மூச்சே! நாளைய இந்தியாவின் வீச்சே!” (நிறையப் புத்தகம் படித்தவன் என்று என்னிடம் கொடுத்தார்கள். படித்ததன் பலன் இதுதான்.) மேல்பாதியில் ஜெரோமும் ஒரு சிங்கமும். கீழ்ப்பாதியில் நாங்கள் வரிசையாக. வாசகம் எழுதியவன் என்ற உரிமையில் நட்டநடுவே நான், கிறிஸ்துமஸுக்கு எடுத்த ரத்தச் சிவப்புச் சட்டையில், காதில் செல்போனோடு. மறுமுனையில் யாருமில்லை. பிளெக்ஸில் வருகிறவன் யாருடனாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் ஒழுங்கு.

ஞாயிறு காலை அதைக் கட்ட இடம் தேடினோம். மைதானத்தின் ஒரு கோடியில் இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே பெரிய வெள்ளைத் துணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“அங்கன கட்டுவோம்ல. சும்மாதானே கெடக்கு” என்றார் மிக்கேல் அண்ணன். கடல் காற்றில் பறக்காதபடி நைலான் கயிற்றில் கப்பல் முடிச்சுகளாகப் போட்டு இறுக்கினார்.

சைட் ஸ்கிரீன் என்ற அந்தத் துணி சும்மா கிடப்பதில்லை. பந்து வீசுகிறவன் கைக்குப் பின்னால் வெள்ளையாக ஏதாவது இருந்தால்தான் மட்டையாளனுக்குச் சிவப்புப் பந்து கண்ணில் படும். மட்டை பிடித்த எவனுக்கும் இது தெரியும். முப்பது வருடம் பேசிய எவனுக்கும் தெரியவில்லை. எதிரணிக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்?

நாங்கள் பிளெக்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். ஜெரோம் வந்து நின்றான், நிமிர்ந்தான், எங்கள் திசையில் கையைத் தூக்கி இடமும் வலமுமாக அசைத்தான்.

“பாத்தியாலே, நம்மளுக்குத்தான் கையாட்டுதான். நன்றியுள்ள பய” என்றார் மிக்கேல் அண்ணன். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கையாட்டினோம். நடுவர் அவனிடம் என்னவோ கேட்டார். அவன் இன்னொரு தரம் எங்களைப் பார்த்தான். பிறகு ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுக் குனிந்தான்.

முதல் பந்து. மட்டை அசையவே இல்லை. நடு ஸ்டம்ப் மட்டும் அசைந்தது.

மறுமுனையில் நின்ற எங்கள் கேப்டன் எங்களை நோக்கி ஓடிவந்தபோது அவன் சொன்னவற்றில் ‘சைட் ஸ்கிரீன்’ என்ற ஒன்றைத்தான் இங்கே அச்சிட முடியும். முடிச்சு அவிழவில்லை, மீன் வெட்டும் கத்தி வாங்கிவந்து அறுத்தோம். அதன் பிறகு, கடைசியாக இறங்கி எப்போதும் முட்டை போடுகிறவன்கூட அந்த வெள்ளைத் துணியின் தயவில் இருபது ரன் எடுத்தான். ஜெரோம் காலில் பேடைக் கழற்றாமல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிக்கேல் அண்ணன் பயிற்சியாளரிடம் போய்த் தப்பு எங்களுடையது என்று மன்றாடினார். “பார்த்தேன்” என்றார் அவர். “மறைக்குதுன்னு நடுவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அதுக்கே வாயைத் திறக்காத பையனை வெச்சுக்கிட்டு அங்கே நான் என்ன செய்றது?” மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிவிட்டார், அங்கே இன்னொருவனைப் பார்க்க.

ஜெரோம் மறுநாள் யார்டுக்குப் போனான். நாங்கள் டீக்கடைக்குப் போனோம். வெகுநேரம் அலசி, அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே கால் நகர்வு சரியில்லை என்ற முடிவுக்கு வந்தோம். அந்த வாரமே புதுக்கோட்டைப் பையன் ஒருவனைக் கண்டெடுத்தோம்.

இன்றும் வீட்டில் நான் டிவிக்குக் குறுக்கே போனால், “ஸ்கிரீனு மறைக்கி, கத்தி எடுக்கட்டுமா?” என்று கேட்பாள் என் மனைவி. பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன மாதம் ஜெரோம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தான். யார்டில் கிரேன் ஓட்டுகிறான், கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. நான் வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். நடுவர் கேட்டாரே, ஏன் சொல்லவில்லை?

“எப்படி அண்ணாச்சி சொல்ல? அத்தனை பேரும் போட்டோ புடிச்சுப் போட்டு, எந்திரிச்சு வேற நிக்கிய. கழத்துங்கன்னு சொன்னா மனசு சங்கடப்படுவியள்லா.”

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவனே தொடர்ந்தான்.

“என் படம் மேலதான் இருந்துது, அதால ஒண்ணுமில்ல. பந்து உங்க நெஞ்சுக்குள்ள இருந்துதான் வந்துது. ஏன் அண்ணாச்சி, அன்னைக்கு வேற சட்டையே கெடைக்கலியா உங்களுக்கு?”