உறுதியை ரத்துச் செய்யும் விஷயமாக மகளுக்கு

கோப்பாய்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மகள் ஜெனிற்றாவுக்கு, நாற்பது வருடம் காணி உறுதி எழுதி ஓய்வுபெற்ற நொத்தாரிசும் உன் அப்பாவுமான துரைராஜா எழுதுவது. தேவ கிருபையால் இங்கு நானும் அம்மாவும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் அந்தக் கிருபைக்கு இன்னும் உட்படவில்லை. நீ ஐந்து மாதமாக என்னோடு கதைக்காதபடியால், அம்மா உன்னோடு தொலைபேசியில் கதைக்கும்போது பக்கத்தில் நின்று உன் சுகத்தை அறிந்துகொள்கிறேன். மருமகன் றோகானுக்கு என் அன்பைச் சொல்லவும். அவரோடு எனக்கு வழக்கு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கலியாணத்துக்கு எழுதித் தந்த சண்டிலிப்பாய் வீட்டைத் திரும்ப எடுக்கத் தீர்மானித்திருக்கிறேன். நீ பதறத் தேவையில்லை, எல்லாம் சட்டப்படி நடக்கும். அந்த நன்கொடை உறுதிப் பத்திரத்தில், வேண்டிய நேரம் ரத்துச் செய்யும் உரிமையை எனக்கென்று வைத்துத்தான் எழுதுவித்தேன். பிள்ளைகளை நம்பி ஏமாந்த எத்தனை தகப்பன்மாரை நாற்பது வருடத் தொழிலில் பார்த்தவன் நான். என்னிடம் ஒரு சொல் கேளாமல் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை வெட்டி, அந்த இடத்தில் கார் விடக் கொட்டகை போட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "வீடு என்ரை பேரிலைதானே அப்பா கிடக்கு" என்றாய். மரத்தைக்கூட மன்னிப்பேன், அந்த வசனத்தை மன்னிக்க மாட்டேன். நன்றிகேட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது.

இது இப்படி இருக்க, எங்கள் சபையின் புதன்கிழமை வேத வகுப்பை நடத்தித் தரும்படி போதகர் கேட்டார். பொருள், கடவுள் இஸ்ரவேலரோடு செய்த உடன்படிக்கை. உடன்படிக்கையை நொத்தாரிசைவிட வேறு யார் விளங்கப்படுத்துவது? முதல் இரண்டு கிழமையும் வெளுத்து வாங்கினேன். ஆபிரகாமுக்குக் கொடுத்த காணிக்கு ஆற்றிலிருந்து ஆறு வரை எல்லை சொல்லியிருப்பதைக் காட்டினேன். வானத்தையும் பூமியையும் கூப்பிட்டதால் சட்டம் கேட்கும் இரண்டு சாட்சிகளும் சரி என்றேன். மோசே உடைத்த கற்பலகைகளுக்குப் பதிலாகக் கடவுள் மறுபடி எழுதிக் கொடுத்தாரே, அதுதான் அத்தாட்சிப்படுத்திய பிரதி என்றேன். சபையே வாயைப் பிளந்தது. மூன்றாம் கிழமைதான் வினை வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஜெயனி எழும்பி, ஆபிரகாம் எங்கே கையொப்பம் வைத்தவர் என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன். வெட்டி வைத்த பலிகளின் நடுவே நடப்பதுதான் அந்தக் காலத்துக் கையொப்பம்; அப்படி நெருப்பாகக் கடந்து போனது கடவுள் மட்டும். ஆபிரகாம் அந்த நேரம் நல்ல நித்திரை. ஒருவர் நித்திரையில் கிடக்க மற்றவர் மட்டும் தன்னைக் கட்டிக்கொண்ட உறுதியை நான் தொழிலில் கண்டதில்லை. ரத்து வாசகம் எங்கேயாவது இருக்கும் என்று நம்பி, ஒரு கிழமை முழுக்கக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பழைய ஏற்பாட்டைப் புரட்டினேன். அந்தச் சனம் பொன் கன்றுக்குட்டி செய்தது, சாப்பாட்டுக்கு முறுமுறுத்தது, பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குப் பின்னால் போனது. கடவுள் கோபப்படுகிறார், காணியை விட்டு எழுப்பிப் பாபிலோனுக்குக்கூட அனுப்புகிறார், ஆனால் உறுதியைக் கிழிக்கிறாரில்லை. போதாததற்குப் புதிதாக ஒன்றை அவர்களுடைய இருதயத்திலேயே எழுதித் தருவதாகச் சொல்கிறார். அதை இயேசு தம்முடைய இரத்தத்தால் முடித்துக் கொடுத்தார் என்றும், கொடுத்ததைத் திரும்ப எடுப்பது கடவுளின் வழக்கமில்லை என்று பவுலே எழுதியிருக்கிறார் என்றும் நேற்று வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

இன்று காலை ரத்து உறுதியை முடிக்க என் பழைய கூட்டாளி, நொத்தாரிசு அடைக்கலநாதனிடம் போனேன். சாட்சிக்கு, கோயிலில் மணி அடிக்கும் கொலின்ஸையும் பக்கத்து வீட்டுத் தியாகராசாவையும் ஓட்டோவில் ஏற்றிப்போய், வழியில் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். கொலின்ஸ் வடையைத் தின்றான், பேனையை எடுத்தான், திரும்ப வைத்துவிட்டான்.

"அண்ணை, கன்றுக்குட்டி செய்த சனத்தையே அவர் கைவிடேல்லை. பிள்ளை மாமரந்தானே தறிச்சவள்?"

அது வேறு சட்டம் என்றேன். அப்படியென்றால் நேற்று எதற்கு அதை இரண்டு மணித்தியாலம் படிப்பித்தீர்கள் என்று கேட்கிறான். தியாகராசா சைவர், வகுப்புக்கு வராதவர், அவராவது நியாயமாய் நடப்பார் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் தன் மகளோடு பதினொரு வருடம் கதையாமல் இருந்தவர் என்பதை நான் மறந்துபோனேன்.

"நான் கையொப்பம் வைக்கமாட்டன், துரை. நான் என்ரை மகளின்ரை வீட்டுக்குப் போனது அவளின்ரை செத்தவீட்டுக்குத்தான்."

அடைக்கலநாதன் கடுதாசிகளை அடுக்கி என்னிடம் தந்தார்.

இதனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. கோப்பாயில் வேறு இரண்டு சாட்சிகள் கிடைக்காமலா போய்விடும்? வருகிற திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிடும். அதற்கு முன் உனக்கு அறிவித்தல் தருவது என் கடமை.

ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் தேவன் உன்னையும் மருமகனையும், வழக்குக்குரிய அந்த வீட்டையும் காத்து ஆசீர்வதிப்பாராக. அம்மா முத்தங்கள் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
உறுதி தந்தவர்,
துரைராஜா.

பி.கு.: இதைத் தபாலில் போடப் பிந்திவிட்டது. இன்று செவ்வாய். நேற்று அடைக்கலநாதனிடம் போய் வேறு உறுதி முடித்தேன். சாட்சி கொலின்ஸும் தியாகராசாவும்தான், இருவரும் கேளாமலே ஓட்டோவில் ஏறிவிட்டார்கள். ரத்துச் செய்யும் என் உரிமையை ரத்துச் செய்திருக்கிறேன். இனி நான் தலைகீழாக நின்றாலும் அந்த வீட்டை எடுக்க ஏலாது. நீ இல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை பிள்ளை. ஞாயிறு ஆராதனை முடிய பஸ் எடுத்து வாறன். நீ கதைக்கத் தேவையில்லை, நான் கதைக்கிறன்.