காகிதம் ஒழிந்த ஆயுத பூசை

உலகில் காகிதம் ஒழிந்த நாள், 1999ஆம் ஆண்டு ஆயுத பூசை. ஒழிந்த இடம் பெரியநாயக்கன்பாளையம். ஒழித்தவர், மோட்டார் பழுதுபார்க்கும் நூல்களை வெளியிட்டுவந்த பதிப்பாளர் திருமூர்த்தி.

அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய 'மின்படிப்பான்' என்னும் கருவிக்குள் அவர் மோட்டார் நூலை ஏற்றிவிட்டார். இனி அச்சு எதற்கு? மிச்சப் பிரதிகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டார். பிழை திருத்தும் மெர்சியையும் அதே தராசில் வைத்தார்.

"விழாவோட நின்னுக்கலாம் அம்மணி. பொஸ்தகமே பொட்டிக்குள்ள போயிருச்சு."

"பொட்டிக்குள்ள பிழை இருந்தா யாருங்கய்யா திருத்துவாங்க?"

"மிஷின்ல பிழை வராதுங்க அம்மணி."

மெர்சியின் வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் மெர்சி.

விழா திருமூர்த்தி வீட்டில் நடந்தது. கருவி சரசுவதி படத்தின் முன்னால் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு 'வெளியானது'. ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். பந்தியும் முடிந்தது. அப்போது பார்த்து போர்வெல் மோட்டார் முனகி நின்றது. கைகழுவத் தண்ணீர் இல்லை. சோற்றுக் கையோடு ஊரே மின்படிப்பானை நோக்கியது.

திருமூர்த்தி கம்பீரமாக நடந்தார். மனைவி சின்னாத்தாள் குறுக்கே நின்றார்.

"ஏனுங்க, பூசையில வெச்ச பொஸ்தகத்த இன்னைக்குத் தொடலாமுங்களா?"

"இது பொஸ்தகமில்ல புள்ள, மிஷினு!"

"அப்பச் சரிங்க. பூசையில வெச்ச மிஷின ஓட்டலாமுங்களா?"

விஞ்ஞானம் இதற்கு இன்னும் விடை காணவில்லை.

மெர்சி தன் பொட்டலத்தைப் பார்த்தாள். அவள் திருத்திய நூலின் பக்கம், பேப்பர் கடையிலிருந்து பொரிக்கடைக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது.

"எல்லாரும் பொட்டலத்தப் பிரிங்க! 'மோட்டார் முனகினால்'னு தலைப்பு யாருகிட்டங்க இருக்குது?"

திருமூர்த்தி வெளியிட்ட நூலை இத்தனை பேர் ஒன்றாகப் படித்தது அதுவே முதல்முறை.

"எங்கிட்டங்க!" என்றார் மயில்சாமி, பொரியை வாயில் கொட்டிக்கொண்டு.

அந்தப் பக்கத்தில் அச்சிட்டிருந்தபடியே கெப்பாசிட்டரை மாற்றினார்கள். மோட்டாரும் மிஷின்தானே என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் கையும் பிசுபிசுவென்று இருந்தது. தண்ணீர் கொட்டியது.

திருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா, நம்ம மின்படிப்பானோட மகிமைய!"

ஈரக் கைகள் தட்டின.

மறுநாள் கருவியைத் திறந்தார்கள். வாழ்த்துரைகளும் திருமூர்த்தியின் படங்களும் உள்ளே நிறைந்திருந்தன. இடம் போதாமல் நூல் தலைப்போடு நின்றுவிட்டது.

"நானு வேலைக்கு வரட்டுங்களாய்யா?" என்றாள் மெர்சி.

"எதுக்கு அம்மணி? தேடிப் பாத்துப்போட்டேன், ஒரு பிழைகூட இல்லீங்க!"

அன்றே வாசலில் 'காகிதமில்லாப் பதிப்பகம்' என்று பலகை மாட்டினார். அதிலும் பிழையில்லை. காகிதம் இல்லை. மெர்சி இல்லை. புத்தகமும் இல்லை. பதிப்பாளர் மட்டும் இருந்தார்.