கண்டனம் சார் கத்தாத நாள்

காரைக்காலில் இருந்துகொண்டு உலகத்தின் அத்தனை அரசாங்கங்களோடும் ஒரே சமயத்தில் சண்டை போட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். கண்டனம் சார் என்போம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த சர்க்கார் ஆபீசில் அவர் சூப்பிரண்டு. காலையில் பேப்பர் வந்ததும் எழுந்து நின்றுகொள்வார். எங்கேயாவது யுத்தம், வெள்ளம், பஞ்சம் என்று ஒரு வரி இருந்தால் போதும், "வன்மையாகக் கண்டிக்கிறேன்!" என்று மேஜையில் ஓங்கி அடிப்பார். மைக்கூடு துள்ளும். மனு கொடுக்க வந்தவர்கள், தங்கள் மனுவைத்தான் சொல்கிறார் என்று பயந்து மாடிப்படியிலிருந்தே திரும்பிப் போவார்கள்.

ஒருமுறை ஏதோ தேசத்தில் பூகம்பம். அன்றும் மேஜை அதிர்ந்தது.

"பூகம்பத்தை யாரு சார் கண்டிக்க முடியும்?" என்றேன்.

"பூகம்பத்தை யாருய்யா கண்டிச்சா? அந்த ஏழை ஜனங்களுக்கு அப்பளம் மாதிரி வீடு கட்டிக் குடுத்தானே, அந்தப் பாவியைக் கண்டிக்கிறேன்!"

அவர் கத்தலில் இதுதான் தொல்லை. சிரித்துவிட்டு யோசித்தால் நியாயம் இருக்கும்.

தந்தி ஆபீசிலும் அவர் பிரசித்தம். "விலாசம் என்னங்க சார்?" என்று குமாஸ்தா கேட்டால், "உலகத் தலைவர்கள்னு போடு" என்பார்.

"எல்லாருக்குமாங்க?"

"ஆமா. எல்லாரும் ஒரே லட்சணந்தானே!"

அவர் மனைவி மட்டும் அசரமாட்டார். "ஒலகத்தையே கண்டிக்கிறவரு, நம்ம வீட்டுக் கூரை ஒழுவுதே, அதையும் ஒரு தடவை கண்டிச்சா என்னங்க?" என்பார்.

எண்பதுகளில் ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. எலும்பும் கண்ணுமாய்க் குழந்தைகள். அந்த வாரம் முழுக்க அவர் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. கோட்டுச்சேரி ரோட்டில் கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், நிதி திரட்டுவதற்காக அங்கே கூட்டம் போட்டார். மேடையில் ஏறித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உருக்கமாகப் பேசினார். பேச்சு முடிந்ததும் பந்தி. வடை, பாயசம், தொன்னையில் ஐஸ்கிரீம்.

கண்டனம் சார் இலைக்கு முன்னால் எழுந்து நின்றார். "பட்டினிக்கு அழுவுற கூட்டத்துல பாயசமாய்யா? திரட்டுனதுல பாதி நம்ம வயித்துலயே போச்சே! இது யாருக்குய்யா நிதி?"

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை பாயசம் வாங்கினார்கள்.

மறுவருஷம் ஐப்பசி மழையில், கோட்டுச்சேரிமேட்டில் ஒரு படகு கரை ஒதுங்கியது. இலங்கைக் கலவரத்துக்குத் தப்பி, உடுத்த துணியோடு வந்த தமிழ்க் குடும்பங்கள். செய்தி ஆபீசுக்கு வந்ததும் கண்டனம் சார் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிதித்தார்.

மீனவப் பெண்கள் அதற்குள் கஞ்சி காய்ச்சி, தங்கள் புடவைகளை எடுத்துவந்து போர்த்திக்கொண்டிருந்தார்கள். டவுனிலிருந்து வந்த கூட்டமோ குடை பிடித்து வேடிக்கை பார்த்தது. சாருக்கு அதைக் கண்டதும் பற்றிக்கொண்டது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் ஏறினார்.

"இந்தக் கொடுமையை நான் வன்மையாக..."

படகிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கரைக்கு வந்த ஒரு பெண், கையில் இருந்த குழந்தையை அவரிடம் நீட்டினாள். "ஐயா, இவளை ஒருக்காப் பிடியுங்கோ. மாமியை இறக்க வேணும்."

வாங்கிக்கொண்டார். நனைந்து நடுங்கிய பெண் குழந்தை. அவர் தோளில் முகத்தைப் புதைத்தது, அப்படியே தூங்கிப்போனது.

சார் விட்ட இடத்திலிருந்து தொடங்க வாயைத் திறந்தார். குழந்தை திடுக்கிட்டு உதறியது. வாயை மூடிக்கொண்டார். சைகையால் என்னைக் கூப்பிட்டு, காதோரம் முணுமுணுத்தார்: "நான் கண்டிக்கிறேன்னு இவனுங்க கிட்ட சொல்லு. மெதுவா சொல்லு, புள்ள முழிச்சிக்கும்."

மழை வலுத்தது. மீனவர் குடிசைகளில் இத்தனை பேருக்கு இடமில்லை. குழந்தையோடு நேரே மண்டபக்காரர் வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே நாங்களும். மண்டபத்தைத் திறந்துவிடச் சொன்னார்.

"இதெல்லாம் சர்க்கார் பாத்துக்கும் சார்," என்றார் அந்தப் பெரிய மனிதர். "வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். வரிச்சிக்குடி ஊர்க்காரர் ஒருத்தர் பொண்ணுக்கு அங்க கல்யாணம் வேற இருக்கு."

சார் குரல் உயரவில்லை. "போன வருஷம் ஆப்பிரிக்காவுக்கு அழுதீங்களே?"

"அது வேறங்க. அது தூரத்து நாடு."

"அப்ப இந்தப் புள்ளையை எவ்வளவு தூரம் தள்ளி வச்சா ஒங்களுக்கு அழுகை வரும்? சொல்லுங்க, அங்க போயி நிக்கிறேன்."

சார் கத்தியிருந்தால் அந்தப் பெரிய மனிதர் வழக்கம்போலச் சிரித்திருப்பார். இதற்குச் சிரிக்கத் தெரியவில்லை. தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் வரிச்சிக்குடிக்காரருக்கு விஷயம் எட்டி, அவரே மாட்டு வண்டியில் அரிசி மூட்டையோடு வந்துவிட்டார். "எம் பொண்ணு கல்யாணத்தைச் சொல்லியாங்க இந்த ஜனங்களை வெளியில நிக்க வைக்கப் பார்த்தீங்க? கோயில்ல தாலி கட்டிக்கிறோம், போங்க!" என்று மண்டபக்காரரிடம் அவர் போட்ட சத்தம், சாரின் பழைய சத்தத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

சாரின் மனைவி அண்டாவோடு வந்தார். எங்கள் ஆபீசே பாயும் போர்வையும் சுமந்தது. சார் மட்டும் ஒரு வேலையும் செய்யவில்லை; குழந்தையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டே, அது இங்கே, இது அங்கே என்று கிசுகிசுப்பாக அதிகாரம் பண்ணினார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தக் கொரலை எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு இந்த மனுஷன்?" என்று அம்மாள் என்னிடம் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் அவர்களை முகாமுக்கு அழைத்துப்போக லாரி வந்தது. தாய் கை நீட்டினாள். குழந்தை சாரின் சட்டைக் காலரை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "போயிட்டு வாறம் ஐயா," என்றாள்.

லாரி திருப்பத்தில் மறைந்த பிறகும் சார் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. எனக்கு வீடு அந்தப் பக்கம் இல்லை. இருந்தாலும், அன்றைக்கு அவரைத் தனியாக விட மனம் வராமல், அவர் வீட்டு வாசல்வரை நானும் கூடவே நடந்தேன்.