என்னைத் தெரியாத என் வீடு

இந்த வீட்டை விட்டு ஓர் அடிகூட நகர்வதில்லை என்று ஒரு திங்கட்கிழமை தீர்மானம் செய்தேன். வெந்நீரில் குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, நிதானமாகச் செய்த தீர்மானம்.

எங்கள் வீட்டில் மிஷனெரிகள் தயாராகிறார்கள். முன் அறையில் நான் பாடம் நடத்துவேன். மற்ற எல்லாவற்றையும் என் மனைவி நடத்துவாள், என்னையும் சேர்த்து. பனிமலையில் பசியோடு நடப்பது எப்படி, பாஷை தெரியாத ஊரில் பயப்படாமல் இருப்பது எப்படி என்று வருஷக்கணக்காகப் போதிக்கிறேன். ஊழியக்களத்தை நான் பார்த்தது சுவரில் மாட்டிய வரைபடத்தில்தான். அதிலேயே பயங்கரமாக இருக்கும்.

அன்று தலைமையகத்துப் பெரியவர் போன் செய்தார். "மலைக்களத்துல ஆள் இல்ல. நீங்க குடும்பத்தோட ரெண்டு வருஷம் போயிட்டு வரலாமே?"

நல்லவேளை, நாக்கு கைகொடுத்தது.

"நான் எப்பவோ ரெடி ஐயா. என் சம்சாரம்தான் வீட்டை விட்டு நகர மாட்டேன்னு ஒரே அழுகை, அடம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி ஈரக்கையோடு கதவருகே நிற்கிறாள்.

"யாருங்க போன்ல?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பரையா ஐயா ஐயான்னு கூப்பிட்டீங்க?"

"ஒரு மரியாதைதான்."

"அந்த ராங் நம்பர்கிட்ட யாரோட சம்சாரம் அழறதா சொன்னீங்க?"

"அது... பொதுவா சொன்னேன்."

"பாவம் அந்தப் பொம்பள" என்று சிரித்துவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பயிற்சியில் 'அந்நிய நாள்' என்று ஒன்று உண்டு. கண்டுபிடித்த மகான் நானே. மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு மாணவர் அந்நியர் ஆவார். வீட்டிலுள்ள மற்ற எல்லோரும் அவரை முன்பின் பார்த்திராத ஊர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். வாய்க்கு வந்த ஏதோ பாஷையில் பேசுவார்கள். சாடை காட்டித்தான் சோறு வாங்க வேண்டும். தாங்க முடியாவிட்டால் வராந்தா மணியை அடிக்கலாம். அடித்த நொடியே எல்லாம் நின்றுவிடும்.

மறுநாள் செவ்வாய். எழுந்தபோது ஜன்னல்களில் மூடுபனி அப்பிக் கிடந்தது. வீட்டில் சத்தமே இல்லை. சமையலறைக்குப் போய்க் காபி கேட்டேன். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தை அல்ல, முகத்துக்குப் பின்னால் இருந்த சுவரை. பிறகு மகளிடம் மெதுவாக, "கெரிமா தோலு" என்றாள். மகள் என் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சிரித்தேன். "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைடி! சனிக்கிழமை இல்ல!"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூடத்தில் மாணவர்கள் வரிசையாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு, என்னைச் சுற்றித் துடைத்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

வராந்தாவுக்கு ஓடி மணியை அடித்தேன். சத்தம் பனிக்குள் போய் மறைந்தது. ஒரு தலையும் திரும்பவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். உள்ளே தரை துடைக்கும் துணிகள் அதே நிதானத்தில் நகர்ந்துகொண்டிருந்தன.

படுக்கையறைக்கு ஓடினேன். கொக்கியில் என் சட்டைகள் இல்லை. செருப்பு இல்லை. ஷேவிங் பெட்டி இல்லை. கட்டிலில் என் பக்கம் மட்டும் ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்து விரித்திருந்தது, அங்கே யாருமே படுத்ததில்லை என்பது போல. கண்ணாடியில் பார்த்தேன். தெரிந்தேன், ஆனால் மங்கலாக. மேசை மேல் வைத்திருந்த மூக்குக்கண்ணாடியையும் காணோம்.

கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. செத்தவனுக்கு வலிக்காது என்று எந்தச் செத்தவன் வந்து சொன்னான்?

மனுஷக் குரல் கேட்டால் போதும் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் போனேன். பனிக்குள் மிஷின் மட்டும் தடதடத்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. மடியில் கனமான ஒரு கறுப்புக் கோட்டு.

"யாருக்குண்ணே கோட்டு?"

"பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு. ராத்திரியே அளவுச் சட்டை வந்துடுச்சு. அவசரமாம்."

"அவருக்கு என்ன?"

"கிளம்பிட்டாரே! நேத்துதான் முடிவாச்சாம்."

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"அதான் ஆச்சரியம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கை நீளமா இருக்கட்டும், அங்க குளிரும்னு மட்டும் சொன்னாங்க."

அதற்குமேல் எனக்குக் காது கேட்கவில்லை. எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது.

கூடத்தில் எல்லோரும் தலைகுனிந்து வட்டமாக நின்றார்கள். மகளும் நின்றாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் உதடு நடுங்கியதே தவிர நிமிரவில்லை. அந்த நொடியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வட்டத்தின் நடுவில் ஓர் உருவம், தலை முதல் கால் வரை கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தது. முகம் இல்லை. மூச்சு மட்டும் கம்பளிக்குள் ஏறி இறங்கியது. உருவம் மெதுவாக ஒரு கையை நீட்டி என்னைச் சுட்டியது.

தொப்பென்று முழங்காலில் விழுந்தேன்.

"எங்க வேணும்னாலும் போறேன்! மலைக்குப் போறேன், பனிக்குப் போறேன், இன்னைக்கே போறேன்! என் பொண்டாட்டி பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை பேசினா போதும்!"

கம்பளி விலகியது. தலைமையகத்துப் பெரியவர்! கண் கலங்கியிருந்தார்.

"என்ன ஒரு அர்ப்பணிப்பு! நீங்க உடனே கிளம்பத் தயார்னு நேத்து உங்க வீட்டம்மா போன்ல சொன்னப்ப நான்கூட முழுசா நம்பல."

மனைவி என்னைத் தூக்கி நிறுத்தினாள். "களத்துக்குப் போறவங்க அந்நிய நாளை முடிக்காம போகக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதானே? அதான் இன்னைக்கே வச்சோம்."

"மணி அடிச்சேனேடி!"

"அங்க மணி இருக்காதுங்க."

"என்னைத் தெரியுதா உனக்கு?"

"நல்லாத் தெரியுதுங்க."

வாசலில் பெட்டி தயாராக இருந்தது. என் சட்டைகள், செருப்பு, ஷேவிங் பெட்டி, மூக்குக்கண்ணாடி எல்லாம் அதற்குள். கோட்டு வந்ததும் வண்டி கிளம்புமாம். போகட்டும், உயிர் திரும்பி வந்ததே போதும். மலையானாலும் இவள் கூட இருந்தால் சமாளித்துவிடலாம். அவள் பெட்டியைத் தேடினேன்.

"உன் பெட்டி எங்கடி?"

"எனக்கு எதுக்கு? உங்க பாடத்தை இனிமே நான்தான் எடுக்கப் போறேன். ஐயா சரின்னுட்டாரு."

"நீ வரலையா?"

மனைவி முந்தானையால் காய்ந்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எப்படிங்க வர்றது? நான்தான் வீட்டை விட்டு நகர மாட்டேன்னு அழுது அடம் பிடிக்கிறேனே."